மூன்று லிட்டர் வண்டி ஏன் பதினொரு லிட்டர் குடிக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர் பக்கம் இப்போது செகண்ட் ஹேண்ட் ஆடம்பர எஸ்யூவிகள் நிறைய ஓடுகின்றன. செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர்கள், தோட்டத்தில் குத்தகை வேலை எடுப்பவர்கள், கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் அப்பா அம்மாவைப் பார்க்க வரும் பிள்ளைகள் என்று பலரும் வாங்குகிறார்கள். புதிய ஜப்பான் காடியின் விலைக்குள் ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5, ஒரு வால்வோ எக்ஸ்சி60 கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் வாங்கி இரண்டு மூன்று மாதத்தில் என் பட்டறைக்கு வந்து, "அண்ணே, வண்டி எண்ணெயாக் குடிக்குது, என்னமோ கோளாறு, பாருங்க" என்கிறார்கள். பார்த்தால் பெரும்பாலும் ஒரு கோளாறும் இருக்காது. '100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்' என்று விளம்பரத்தில் பார்த்த கணக்கை நம்பி வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த எண் எப்படி வந்தது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எக்ஸ்டிரைவ் 40இ வண்டியை எடுத்துக்கொள்வோம். 2016-இல் இங்கே விற்பனைக்கு வந்தது, கெடாவில் கூலிம் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டித் தயாரித்தது. பெட்ரோல் எஞ்சினும் உண்டு, வீட்டில் சார்ஜ் போடும் 9 கிலோவாட் மணி பேட்டரியும் உண்டு. இந்த வகையைத்தான் பிளக்-இன் ஹைப்ரிட் என்கிறார்கள். 100 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர் என்பது அதன் அதிகாரபூர்வ ஐரோப்பிய அளவு. ஆளில்லாமலே 2.2 டன்னுக்கு மேல் எடை உள்ள வண்டி, சின்னக் காரான மைவியைவிடக் குறைவாகக் குடிக்கும் என்றால் எப்படி?

பழைய ஐரோப்பியச் சோதனை விதியில் ஒரு கணக்கு இருந்தது. ஓட்டுநர் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டுக் கிளம்புகிறார். பேட்டரி தீரும்வரை ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை. அதன்பின் பெட்ரோலில் 25 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிவிட்டு, திரும்பவும் சார்ஜ் போடுகிறார். இந்த வண்டி மின்சாரத்தில் 31 கிலோமீட்டர் ஓடும் என்று அளந்தார்கள். ஆக 56 கிலோமீட்டர் பயணத்தில் 25 கிலோமீட்டருக்குத்தான் எண்ணெய். பெட்ரோலில் மட்டும் 7.4 லிட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், கணக்கு 3.3-இல் வந்து நிற்கும். அந்த 7.4 லிட்டரும் ஆய்வுக்கூடத்தில், ஏசியை அணைத்துவிட்டு, சராசரியாக மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி அளந்த சோதனையிலிருந்து வருவது.

தாப்பாவிலிருந்து ஈப்போ சுமார் 60 கிலோமீட்டர். விதியில் சொன்ன அந்த 56 கிலோமீட்டர், ஈப்போ போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். திரும்பி வரும் வழி முழுக்கப் பெட்ரோல்தான். சார்ஜே போடாதவருக்குப் போகும்போதும் பெட்ரோல்தான், அதோடு தீர்ந்துபோன பேட்டரியின் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும். அமெரிக்க அரசு இதே வண்டியை அளந்தபோது பெட்ரோலுக்குத் தனியாக ஓர் எண் கொடுத்தது: காலனுக்கு 24 மைல், நம் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 9.8 லிட்டர். மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம் 14 மைல் என்றார்கள், அதாவது 22 கிலோமீட்டரை ஒட்டி. என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் 10, 11 லிட்டருக்கு இந்த எண்தான் பக்கத்தில் இருக்கிறது. ஒரே வண்டிக்கு ஐரோப்பாவில் 3.3, அமெரிக்காவில் 9.8. கேள்வி மாறியதால் பதிலும் மாறிவிட்டது.

ஐரோப்பாவில் 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனை முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் வேகமும் அதிகம், தூரமும் அதிகம். இருந்தும் 2024-இல் ஐரோப்பிய ஆணையம், சாலையில் ஓடும் வண்டிகளின் மீட்டரிலிருந்தே எடுத்த விவரங்களை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரணப் பெட்ரோல், டீசல் வண்டிகள் சோதனை அளவைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகக் குடிக்கின்றன. பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகளுக்கோ வித்தியாசம் சராசரியாக மூன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடாததுதான் அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். ஐரோப்பாவிலேயே இந்த நிலை என்றால், வீட்டில் சார்ஜ் போட வசதியே இல்லாமல் வண்டி வாங்குகிற நம்மவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, நம் சாலைக்கு வருவோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. பலர் 130-இல் போகிறார்கள், ஏனென்றால் இந்த வண்டிகளில் 130 போவதே தெரியாது, அவ்வளவு அமைதியாக இருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 110-இலிருந்து 130 போனால் அந்த எதிர்ப்பு 40 விழுக்காடு கூடிவிடும். எஸ்யூவி உயரமாகவும் அகலமாகவும் இருப்பதால் அது சின்னக் காரைவிட அதிகமாக உறைக்கும். எண்ணெய் மிச்சம் பிடிக்கக் காசு செலவில்லாத முதல் வழி, 110-க்குள் நிற்பது. சம்மனும் வராது.

அடுத்தது கேமரன் மலை ரோடு. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏற வேண்டும். ஆட்கள், பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து வண்டி இரண்டரை டன் என்று வைத்துக்கொண்டால், அதை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே மூன்றரை லிட்டர் பெட்ரோல் போய்விடும். சாதாரணமாக ஓடுவதற்கான ஐந்தரை லிட்டரையும் கூட்டினால் 9 லிட்டர். மேலே போய்ச் சேரும்போது மீட்டர் 100 கிலோமீட்டருக்கு 15 என்று காட்டும். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து, காலை எடுத்துவிட்டு வந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போவதே பல இடங்களில் நின்றுவிடும், மீட்டரும் நாலைந்து என்று இறங்கிவிடும். ஏறும்போது காட்டியதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், இறங்கும்போது காட்டியதைப் பார்த்துப் பெருமைப்படவும் வேண்டாம். போய்த் திரும்பிய மொத்தக் கணக்கை எடுங்கள். ஆனால் பள்ளி விடுமுறையில் வழியில் உள்ள லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் வண்டிகள் வரிசை பிடித்து நின்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

நிற்கும் வண்டியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மதியம் தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் வண்டிகளைப் பார்க்கிறேன். பெரிய எஞ்சின் இப்படி நின்றபடியே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் எரிக்கும், தூரமோ பூஜ்யம். புகை நேராகப் பிள்ளைகள் நிற்கும் பக்கம் போகிறது. மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கி நில்லுங்கள்.

வண்டியில் குறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முன் ஒழுங்காக அளக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஸ்டேஷனில், முடிந்தால் ஒரே பம்பில், துப்பாக்கி முதல் முறை 'டக்' என்று நிற்கும்வரை அடியுங்கள். அதற்கு மேல் அமுக்காதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அரை டாங்குக்குக் கீழே வந்ததும் அதே இடத்தில் அதே மாதிரி நிரப்பி, ரசீதில் உள்ள லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 540 கிலோமீட்டருக்கு 58 லிட்டர் பிடித்தால் 10.7. ஒரு டாங்கு போதாது, நாலைந்து தடவை செய்து ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அந்த ரசீதுகளோடு வருகிறவருக்கு என்னால் அரை மணி நேரத்தில் பதில் சொல்ல முடிகிறது. ரசீது இல்லாமல் வருகிறவர் ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டியபிறகும் அதே 11-இல் நிற்கிறார். எனக்கு இதைப் பார்க்கும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

உண்மையான கோளாறும் உண்டு. தோட்டத்துச் செம்மண் சாலையில் தினம் போகும் வண்டிகளில் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரில் மண் அடைத்துக்கொண்டு, பிரேக் பிடித்தபடியே ஓடும். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் வெப்பமானியைக் காட்டிப் பார்ப்பேன். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் குற்றவாளி அதுதான். இன்னொன்று, எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது, கணினியும் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். நம் ஊர் வெயிலில் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. டயர் காற்றையும் பாருங்கள். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதால் காற்று குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் மிச்சமாகும் எண்ணெய் சில விழுக்காடுதான், ஆனால் மலை வளைவில் உயிரைக் காப்பதும் அந்தக் காற்றுதான். ஏர் ஃபில்டர் அழுக்கானதால் எண்ணெய் குடிக்கிறது என்பது கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய எஞ்சினில் அது இழுவையைக் குறைக்கும், எண்ணெய்ச் செலவை அவ்வளவாக மாற்றாது. டாங்கில் போடும் மாத்திரை, குழாயில் கட்டும் காந்தம் எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

ரோன்97 பெட்ரோல் அடித்தால் கூடுதல் தூரம் ஓடுமா என்று கேட்கிறார்கள். ரோன் எண் என்பது எரிபொருள் எஞ்சினுக்குள் தானாக வெடித்துத் தட்டாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதன் அளவு, அதில் சக்தி கூட இருக்கிறது என்று பொருளில்லை. பெட்ரோல் டாங்கு மூடியின் உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ அதை அடியுங்கள். காசுக் கணக்கும் முன்போல இல்லை. 2025 செப்டம்பர் 30-இல் ரோன்95 பெட்ரோலுக்கான அரசின் மானியத் திட்டமான பூடி95 எல்லாருக்கும் தொடங்கியபோது குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 சென், மாதம் 300 லிட்டர் வரை. மானியம் இல்லாத விலை அப்போது 2 வெள்ளி 60 சென். 12 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 300 லிட்டர் என்பது 2,500 கிலோமீட்டர்தான். தினமும் ஈப்போ போய்வரும் குத்தகைக்காரருக்கு மாதக் கடைசியில் அப்படிப்பட்ட வரம்பு கடிக்கும். டீசல் எஸ்யூவி நீண்ட தூரத்துக்குக் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மை, ஆனால் 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்து விலை 3 வெள்ளி 35 சென்னுக்குப் போனதிலிருந்து அந்த லாபம் சுருங்கிவிட்டது.

ஆகவே, பிளக்-இன் எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒரு நாள் முன்பே பேசி, இரவில் முழுச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காலையில் ஏசியைப் போட்டு, சமமான சாலையில், மின்சாரத்தில் மட்டும் ஓட்டுங்கள். நாம் பார்த்த எக்ஸ்5 40இ 20 கிலோமீட்டரை ஒட்டி வந்தால் அந்த வயதுக்கு நல்ல பேட்டரி. 10-இலேயே எஞ்சின் விழித்துக்கொண்டால் பேட்டரி தேய்ந்துவிட்டது, விலையை அதற்கேற்பப் பேசுங்கள். பின்பக்கத் தட்டைத் தூக்கிச் சார்ஜ் கேபிளையும் பாருங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தால், முந்தைய உரிமையாளர் அந்தக் கேபிளைத் தொட்டதே இல்லை என்று அர்த்தம். கேபிளே இல்லாவிட்டால் புதியதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வீடு. மூன்று முள் பிளக்கில் இந்தப் பேட்டரி நிரம்ப நாலு மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் 10 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். தோட்டத்துப் பழைய வீடுகளின் ஒயரிங் அதற்குத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ஜன்னல் வழியாக இழுப்பது வேண்டவே வேண்டாம், ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். வண்டிக்கு முன்பணம் கட்டும் முன்னால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயின் பெட்டியிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்குத் தனி ஒயர் இழுக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தச் செலவுக்கு மனம் வரவில்லை என்றால் அதே பணத்துக்குச் சாதாரணப் பெட்ரோல் எஸ்யூவியைத் தேடுங்கள், இழுக்க வேண்டிய எடையாவது குறையும்.