பழைய டீசல் காரில் ஆயில் லீக்: சீலை மாற்றும் முன் காற்றைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் நான் வாங்கிய டீசல் கார் அப்போது 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு காலையில் போர்டிகோ தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு கறுப்புச் சொட்டு. பட்டறையில் ராம்ப்பில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேக் ஆயில் சீல் போயிருச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். இறக்கினார்கள், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாவற்றையும் கழற்றி, எஞ்சினின் சுழலும் தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் அந்த ரப்பர் சீலை மாற்றினார்கள். சீலின் விலை சில நூறு ரூபாய், கூலி அதைப்போலப் பல மடங்கு. மூன்றாவது வாரம் அதே இடத்தில் மறுபடியும் சொட்டு.

புது சீல் மூன்று வாரத்தில் எப்படிப் போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் ஆயில் லீக் என்றால் என்ன என்பதே எனக்குப் பிடிபட்டது. ஓட்டை இருந்தால் மட்டும் எண்ணெய் வெளியே வந்துவிடாது, அதை யாராவது பிடித்துத் தள்ள வேண்டும். ஓட்டையைத் தேடுகிற அளவுக்குத் தள்ளுகிறவரை யாரும் தேடுவதில்லை.

இப்படி அலைகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது, அப்புறம் டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா என்று எத்தனையோ கார்களில் அதே எஞ்சின்தான் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, இன்றைக்கு விற்பனைக்கு வரும் அவர்களுடைய டீசல் கார் எல்லாமே அதற்கு முந்தையதுதான். இரும்பும் அலுமினியமும் இன்னும் பல வருடம் தாங்கும். ஆனால் இடையில் உட்கார்ந்திருக்கும் ரப்பருக்கு ஆயுள் அவ்வளவு இல்லை.

சரி, தரையில் சொட்டு இருக்கிறது. முதலில் அது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரில் தொட்டு எடுத்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். டீசல் காரின் எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே மை மாதிரி கறுத்துவிடும், எரிதலில் வரும் புகைக்கரியை அது தனக்குள் இழுத்து வைத்துக்கொள்வதால். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, அதன் வேலையே அதுதான். கியர் ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், கந்தகச் சேர்மங்கள் கலந்திருப்பதால் கெட்டுப்போன பூண்டு மாதிரி ஒரு வாடை அடிக்கும். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் அது எஞ்சினின் பேக் சீலாகவும் இருக்கலாம், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலாகவும் இருக்கலாம். நிறமும் வாடையும் பார்க்காமல் எதையும் இறக்கக் கூடாது. கூலண்ட் என்றால் பச்சையோ இளஞ்சிவப்போ, லேசாக இனிப்பு வாடை. ஏசி தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை ஃபில்டர் பேப்பரில் வைத்துச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். பேப்பரின் இழைகள் எண்ணெயை மெல்ல வெளிப்பக்கமாக இழுக்கும், கரி அவ்வளவு தூரம் போக முடியாமல் நடுவில் தங்கும். நடுவிலிருந்து ஓரம் வரை சாம்பல் நிறம் சீராகப் பரவியிருந்தால் கரியை மிதக்க வைக்கும் சக்தி ஆயிலுக்கு இன்னும் இருக்கிறது. நடுவில் தார் மாதிரி கெட்டியான வட்டம், ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் கரி கட்டி கட்டியாகச் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வெளியே அகலமாக, கண்ணாடி போல ஒரு வளையம் தெரிந்தால் ஆயிலில் டீசல் கலந்து நீர்த்திருக்கிறது. அப்படி நீர்த்த ஆயில் நல்ல சீல் வழியாகக்கூடக் கசியப் பார்க்கும்.

அடுத்தது இடம். எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கசிகிறது என்று நினைப்பதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டின் மேல் மூலையில் கசியும் எண்ணெய் பிளாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும், போல்ட் தலையைச் சுற்றி வளையும், வயரின் மேல் ஊர்ந்து கனெக்டருக்குள் போகும், கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் அடித்தட்டில் தேங்கி அதன் ஏதோ ஒரு துளை வழியாகத் தரைக்கு வரும். டீசலில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழியிலுள்ள த்ராட்டில் வால்வு மூடியிருக்கும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை வைத்தே பிரேக் பூஸ்டர் வேலை செய்துவிடும். டீசலில் அந்த வெற்றிடம் கிடைக்காது, அதற்காகப் பெரும்பாலும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் முனையில் தனியாக ஒரு வேக்கும் பம்ப் வைத்திருப்பார்கள். பல எஞ்சின்களில் அது கியர் பாக்ஸ் பக்கம்தான் இருக்கும். அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங் இறுகிக் கசிந்தால் எண்ணெய் நேராக பெல் ஹவுசிங்கின் மேல் இறங்கி, கீழேயிருந்து பார்ப்பவருக்கு அச்சு அசலாக பேக் சீல் லீக் போலவே தெரியும். ஒரு ஓ-ரிங்குக்காக கியர் பாக்ஸை இறக்கிய கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

அதனால் கழுவாமல் தேடாதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகு டீகிரீசரோ மண்ணெண்ணெயோ போட்டு பிரஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், இஞ்செக்டர் வயரிங் பக்கம் பிரஷர் வாட்டர் அடிக்கவே வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமுள்ள இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து பாருங்கள். வெள்ளைப் பரப்பில் முதல் ஈரம் ஒரு கறுத்த கோடாகத் தெரியும், அந்தக் கோட்டின் மேல் முனை எங்கே தொடங்குகிறதோ அதுதான் நீங்கள் தேடும் இடம். ஈரத்தில் மிக உயரமானதையும் மிக முன்னால் இருப்பதையும்தான் நம்ப வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் புற ஊதா சாயம் இருக்கிறது, ஆயிலில் கலந்து ஓட்டிவிட்டு யூவி டார்ச் அடித்தால் கசிவு மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஆனால் கறுத்த டீசல் ஆயிலில் கரியே அந்த ஒளியை விழுங்கிவிடும், ஆகவே ஆயில் மாற்றும் அன்றைக்கே சாயத்தை ஊற்றுவது நல்லது.

எப்போது கசிகிறது என்பதும் பேசும். ஃபில்டர், ஆயில் கூலர், ஆயில் பிரஷர் சுவிட்ச், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்குப் போகும் பைப் எல்லாம் பம்ப்பின் அழுத்தத்தில் இருப்பவை, ஓடும்போது அங்கே சில பார் அழுத்தம் இருக்கும். அங்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓடும்போது பீய்ச்சி அடிக்கும், வண்டியை நிறுத்தியதும் அடங்கிவிடும். அடியில் ஆயில் தேங்கும் சம்ப், ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங், கிராங்க் சீல்கள் இருக்கும் பக்கம் பம்ப் அழுத்தம் கிடையாது. அங்கே மெல்லக் கசிந்து ராத்திரி முழுக்கச் சொட்டும். இரவு காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். ஒரு மில்லிக்கு இருபது முப்பது சொட்டு என்று வைத்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு இடைவிடாமல் விழுந்தாலும் மாதத்துக்கு 200 மில்லி சுமார்தான். அதற்கு மேல் டிப் ஸ்டிக்கில் இறங்கினால் தரையை மட்டும் பார்த்துப் பயன் இல்லை, எண்ணெய் வேறு வழியிலும் போகிறது.

இப்போது அந்த ஆயில் சீல். வெளியே பார்த்தால் ரப்பர் வளையம், உள்ளே பார்த்தால் அற்புதமான ஒரு வேலைப்பாடு. சுழலும் ஷாஃப்ட்டின் மேல் ரப்பரின் கூர்மையான உதடு ஒன்று படிந்திருக்கும், அதை ஒரு மெல்லிய சுருள் கம்பி இறுக்கிப் பிடித்திருக்கும். உதடு ஷாஃப்ட்டை நேராகத் தொட்டால் சூட்டில் கருகிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்க வேண்டும். அப்படியென்றால் அந்த எண்ணெய் ஏன் வெளியே வழிவதில்லை? உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு தட்டையாகவும் செய்யப்பட்டிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது உதட்டிலுள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் ஒரு பக்கமாக இழுபட்டுச் சாய்ந்து, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும். நல்ல சீல் வெறும் அடைப்பு இல்லை, ஒரு குட்டி பம்ப் என்றே சொல்லலாம். வயதாகி ரப்பர் இறுகினால் இந்த வேலை நின்றுவிடும். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி சுமாருக்கு மேல் தொடர்ந்து தாங்காது, வைட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும். அந்த விலை வித்தியாசத்தைக் கொடுத்து வாங்குவது வீண் இல்லை. பொருத்தும்போது உதட்டில் எண்ணெய் தடவாமல் உலர்வாகப் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே உதடு போய்விடும். ஷாஃப்ட்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் புது சீலும் நிற்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் என் காரில் சொட்டியது. ஈரோட்டில் டீசல் எஞ்சின் மட்டும் பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் காருக்கு அடியில் குனியவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, இறுக்காமல் சும்மா அந்த வாயின் மேல் வைத்தார். மூடி தட தடவென்று ஆடி எகிறிக் கீழே விழுந்தது. "பாத்தீங்களா தம்பி, பேக் கம்ப்ரஷன் அடிக்குது. நீங்க எந்த சீல் போட்டாலும் இது வெளிய தள்ளிட்டுத்தான் இருக்கும்" என்றார்.

பேக் கம்ப்ரஷன் என்று பட்டறையில் சொல்வது என்ன? பெட்ரோல் எஞ்சின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்கும், டீசல் பதினாறு பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கும். அந்தச் சூட்டிலேயே டீசல் தீப்பிடிக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் கிடையாது. எரியும் நொடியில் பிஸ்டன் மேல் விழும் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். டயருக்கு 32 என்று காற்று அடிக்கிறோமே, அது வெறும் 2.2 பார். இவ்வளவு அழுத்தத்தில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் நழுவுவது புது எஞ்சினில்கூட நடப்பதுதான். அதை வெளியேற்ற பிரீதர் என்று ஒரு வழி உண்டு. எண்ணெய்த் திவலைகளைப் பிரித்து நிறுத்திக்கொண்டு வாயுவை மட்டும் டர்போவின் முன்பக்கக் குழாயில் விடும். அந்த வழி அடைத்தால் அழுத்தம் உள்ளேயே ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் உதட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும், கூடவே எண்ணெயும் வரும். ஒன்றை மாற்றினால் அடுத்தது கசியும். டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்பதும் இதனால்தான்.

மூடி லேசாக அதிர்வது டீசலில் சகஜம், பயப்பட வேண்டாம். எகிறி விழுந்தால் அடுத்த கேள்வி, அடைப்பா அல்லது ரிங் தேய்மானமா? அண்ணன் பிரீதர் ஹோஸைக் கழற்றி அதன் வாயில் கையை வைத்தார், அதில் காற்றே வரவில்லை. அங்கே வேகமாகப் புகை வந்திருந்தால் ரிங் போயிருக்கிறது என்று அர்த்தம், வராததால் வழி அடைத்திருக்கிறது. திவலைகளைப் பிரிக்கும் அந்தப் பிரிப்பானைக் கழற்றிப் பார்த்தபோது கரியும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து கிரீஸ் போல இறுகியிருந்தது, ஸ்குரூ டிரைவரால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு. கழுவி மாட்டினோம், மூடி அடங்கி உட்கார்ந்தது. சீலைத் தொடவே இல்லை, ஒரு வாரத்தில் போர்டிகோ தரை காய்ந்துவிட்டது.

டர்போவிலும் இதே கதைதான். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்த ஷாஃப்ட்டில் ரப்பர் சீல் வைக்க முடியாது. மெல்லிய இரும்பு வளையங்களும் இரு பக்க அழுத்த வித்தியாசமும் சேர்ந்துதான் எண்ணெயை நிறுத்துகின்றன. டர்போவின் எண்ணெய் தன் எடையிலேயே சம்ப்புக்கு இறங்க வேண்டும். கீழே கிராங்க் கேஸில் அழுத்தம் இருந்தால் இறங்க முடியாமல் தேங்கி, காற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் ஹோஸில் எண்ணெயைப் பார்த்ததும் டர்போவை மாற்றச் சொல்பவரிடம், பிரீதரையும் ரிட்டர்ன் பைப்பையும் பார்த்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஹோஸின் உள்ளே லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு, ஊற்றினால் வழியும் அளவு இருந்தால் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். டீசல் எஞ்சினுக்கு எண்ணெயும் எரிபொருள்தான். இண்டர்கூலரில் தேங்கியதை இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்தது போல ஓடும். நிற்கும் வண்டியில் அப்படி ஆனால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். ஏர் இன்டேக்கை வெறும் கையால் மூடப் போகவே கூடாது.

எல்லா லீக்கையும் உடனே சரிசெய்தாக வேண்டும் என்று இல்லை. டேப்பட் கவர் ஓரத்தில் ஈரம் மட்டும், சொட்டு இல்லை என்றால் டிப் ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாம். எக்ஸாஸ்ட், டர்போ மேல் விழும் எண்ணெய் தீப்பிடிக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கிளட்ச், பெல்ட் மேல் பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

பழைய டீசல் வாங்கப் போகிறவர்கள், நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி ஒரு முறை வாயின் மேல் வைத்துப் பாருங்கள். எஞ்சின் பளபளவென்று கழுவி நின்றால் இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, டார்ச் அடித்து ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்க மூலையையும் ஆயில் ஃபில்டர் அடியையும் விரலால் தடவிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.