ஒரு ஆட்டம்கூட நடக்கும் முன்பே: கல்லூரி ஃபுட்பால் அணியின் ஆஃபென்ஸை எடை போடும் கணக்கு

மகளை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்த்திருக்கும் வாசகர், நம்மூர்க் கால்பந்து அல்லாத அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிக் கேட்டிருக்கிறார்: "சீசன் செப்டம்பரில்தான் சூடுபிடிக்கும் என்கிறார்கள். ஆனால் ஆகஸ்டிலேயே இந்த அணியின் ஆஃபென்ஸ் நாட்டில் எட்டாவது, அந்த அணியுடையது நாற்பதாவது என்று பட்டியல் போடுகிறார்களே, எதை வைத்து?"

ஆஃபென்ஸ் என்றால் பந்தை வைத்துப் புள்ளி எடுக்க முயலும் பக்கம்; அதைத் தடுப்பது டிஃபென்ஸ். ஏபி செய்தி நிறுவனம் 1950 முதல் சீசனுக்கு முன்பே நிருபர்களிடம் வாக்கு வாங்கித் தரவரிசை வெளியிடுகிறது. அது அபிப்பிராயம். வாசகர் பார்த்த பட்டியல் வேறு வகை. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது, பள்ளியில் படித்த சராசரியும் திட்ட விலக்கமும் தெரிந்தால் போதும், பெரும்பகுதி புரிந்துவிடும்.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். களம் 100 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். எதிரணியின் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், கூடவே வரும் உதையையும் சேர்த்து வழக்கமாக 7 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. சொந்தக் கோட்டுக்குப் பின்னால் மடக்கப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. நான்காவது டவுனில் தேறாது என்று தோன்றினால் பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள், அது பண்ட். பந்தை வாங்கி வீசுபவர் குவாட்டர்பேக்.

தொலைக்காட்சி ஆஃபென்ஸை யார்டில் அளக்கும். ஆட்டத்துக்கு 450 யார்டு என்றால் பிரமாதம் என்பார்கள். ஆனால் மூன்றாவது டவுனில் 2 யார்டு வேண்டியபோது 4 யார்டு ஓடினால் பந்து நம்மிடமே இருக்கும். அதே டவுனில் 8 யார்டு வேண்டியபோது 4 ஓடினால் அடுத்தது பண்ட். இரண்டும் ஏட்டில் 4 யார்டுதான். ஆக, யார்டைப் புள்ளியாக மாற்ற ஒரு வழி வேண்டும்.

அந்த வழியைக் காட்டியவர்களில் ஒருவர் குவாட்டர்பேக்காகவே ஆடிக்கொண்டிருந்தவர். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மக்கால் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1971-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1969-ஆம் ஆண்டின் தொழில்முறை ஆட்டங்கள் 56-ஐ எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 8,373 ஆட்ட அசைவுகள், அதாவது தனித்தனி முயற்சிகள். கேட்ட கேள்வி எளிமையானது: களத்தின் இந்த இடத்தில், முதல் டவுன், 10 யார்டு தேவை என்ற நிலையில் பந்து நம் கையில் இருக்கிறது. இங்கிருந்து ஆட்டம் எப்படியெல்லாம் போனாலும் சரி, *அடுத்த புள்ளியை யார் எடுக்கிறார்கள், எத்தனை?* நாம் எடுத்தால் கூட்டல், எதிரணி எடுத்தால் கழித்தல். இப்படிப் பல நூறு தடவைகளின் சராசரியை எடுத்தால் அந்த இடத்தின் மதிப்பு வந்துவிடும். நம் பாடநூலில் வரும் எதிர்பார்ப்பு மதிப்பேதான் இது.

வந்த எண்களைப் பாருங்கள். எதிரணியின் கோட்டுக்கு 5 யார்டு தூரத்தில் பந்து இருந்தால் மதிப்பு 6.04. 45 யார்டு தூரத்தில் 2.39. 75 யார்டில் வெறும் 0.24. 85 யார்டுக்குப் போனால் மைனஸ் 0.64; 95-இல் மைனஸ் 1.25.

மைனஸ் என்பதை ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பந்து நம் கையில் இருக்கிறது, ஆனாலும் அடுத்த புள்ளி எதிரணிக்குப் போகும் வாய்ப்பே அதிகம்! சொந்தக் கோட்டை ஒட்டி நிற்கும்போது 95 யார்டு கடப்பது அரிது. பெரும்பாலும் பண்ட் அடிப்போம், எதிரணி நம் பக்கத்திலேயே நல்ல இடத்தில் பந்தைப் பிடிக்கும். நழுவவிட்டாலோ அவர்களுக்கு நேராக டச்டவுன். கோட்டுக்குப் பின்னால் மடங்கினால் 2 புள்ளி. பந்து வைத்திருப்பது எப்போதும் லாபம் என்று கண் சொல்வதை, அடுத்த புள்ளி யாருக்கு என்ற ஒற்றைக் கேள்வி திருத்திவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் இதைவிட அழகான ஒன்று தெரியாது.

அழகு அதோடு நிற்பதில்லை. அட்டவணையில் பத்துப் பத்து யார்டாக முன்னே நகர்ந்து பாருங்கள். 85-இலிருந்து 75-க்கு வந்தால் 0.87 புள்ளி கூடுகிறது. 55-இலிருந்து 45-க்கு 0.85. 35-இலிருந்து 25-க்கு வெறும் 0.51. 15-இலிருந்து 5-க்கு 1.47. அதே 10 யார்டு, ஒரு இடத்தில் அரைப் புள்ளி, இன்னொரு இடத்தில் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இன்டர்செப்ஷனுக்கும், அதாவது வீசிய பந்தை எதிரணி பிடித்துவிடுவதற்கும், இப்போது விலை போடலாம். எதிரணிக் கோட்டுக்கு 45 யார்டில் நம்மிடம் 2.39 இருந்தது. அவர்கள் பிடித்து, 75 யார்டு போக வேண்டிய இடத்தில் தொடங்குகிறார்கள் என்றால் அவர்களுக்கு 0.24, அதாவது நமக்கு மைனஸ் 0.24. இழப்பு 2.63 புள்ளி, ஒரு ஃபீல்டு கோலை விடச் சற்றுக் குறைவு.

இன்றைய கணக்குகள் இதையே எந்த டவுன், எத்தனை யார்டு தேவை என்றும் பிரித்துச் செய்கின்றன. கல்லூரி ஆட்டங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. அசைவுக்கு முன்னிருந்த மதிப்பைப் பின்வந்த மதிப்பிலிருந்து கழித்தால் அந்த அசைவு சம்பாதித்த புள்ளி கிடைக்கும். சீசன் முழுவதும் கூட்டி, அசைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆஃபென்ஸின் தரம்.

கையால் கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு வெற்றி விகிதம் போதும். முதல் டவுனில் தேவையில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த அசைவு வெற்றி. முதல் டவுனில் 10 தேவை, 5 ஓடினால் வெற்றி. இரண்டாவதில் 7 தேவை, 4 என்றால் தோல்வி, 5 என்றால் வெற்றி. ஒரு நீண்ட ஓட்டம் சராசரியைத் தூக்கி நிறுத்திவிடுவதை இந்த விகிதம் அனுமதிக்காது.

இதெல்லாம் சரியாக வர, மூல எண்களைக் கழுவ வேண்டும். முதல் அழுக்கு சாக். வீச முயலும் குவாட்டர்பேக் பந்தோடு மடக்கப்பட்டால், தொழில்முறை லீக் அந்த நஷ்டத்தை வீச்சுக் கணக்கில் கழிக்கும். கல்லூரி ஃபுட்பாலிலோ அதை ஓட்டக் கணக்கில் எழுதுகிறார்கள். ஒரு ஆட்டத்தில் 40 ஓட்டம், 120 யார்டு என்று ஏடு சொல்கிறது என்று வையுங்கள். ஓட்டத்துக்கு 3 யார்டு, பரிதாபம். அதில் 4 சாக், மைனஸ் 30 யார்டு இருந்தால், உண்மையில் 36 ஓட்டத்தில் 150 யார்டு, அதாவது 4.2. வீச்சுப் பக்கம் 30-க்கு 240 என்று இருந்தது 34-க்கு 210 ஆகி, 8 என்பது 6.2-ஆக இறங்கும். ஓட்டம் மோசம், வீச்சு அபாரம் என்று ஏட்டைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அப்படியே புரண்டுவிடும். ஆட்டம் முடியும்போது நேரத்தைக் கடத்த முழங்காலிடும் அசைவுகளையும் எடுத்துவிட வேண்டும். அவையும் ஓட்டமாகத்தான் எழுதப்படுகின்றன.

அடுத்து, நான்கு டச்டவுன் வித்தியாசத்தில் முடிவாகிவிட்ட ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி. மாற்று வீரர்கள் மாற்று வீரர்களோடு ஆடுவது அது, நீக்கிவிடுங்கள். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கையும் நம்பாதீர்கள். அவசரமாக ஆடும் அணிக்கு வாய்ப்பு அதிகம் கிடைக்கும். போதாததற்கு 2023-இல் விதி மாறியது: ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடம் தவிர, முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரம் நிற்காது. 2022-ஐயும் 2023-ஐயும் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் தப்பு வரும். பந்து கைக்கு வந்த ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை புள்ளி என்று எடுங்கள்.

எதிரணியின் தரம் பெரிய சிக்கல். மேல்பிரிவில் 130-க்கும் மேற்பட்ட அணிகள்; வழக்கமான சீசனில் ஆளுக்கு 12 ஆட்டம். பெரும்பாலானவை ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. அதனால் ஒவ்வொரு ஆஃபென்ஸுக்கும் ஒரு அறியாத எண், ஒவ்வொரு டிஃபென்ஸுக்கும் ஒன்று, சொந்த ஊர்ச் சாதகத்துக்கு ஒன்று என்று வைத்து, எல்லா ஆட்டங்களையும் சமன்பாடுகளாக எழுதி ஒரே மூச்சில் தீர்க்கிறார்கள். கிடைக்கும் எண்களைப் பொதுச் சராசரியை நோக்கிச் சற்று இழுத்தும் வைப்பார்கள்.

ஏன் இழுக்க வேண்டும்? ஒரு சீசனில் ஒரு அணிக்குச் சுமார் 160 மூன்றாவது டவுன் வரும். அதன் உண்மையான திறமை 40 சதவீதம் என்று வையுங்கள். 0.4 × 0.6-ஐ 160-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 4 சதவீதம். திறமையில் அணுவளவும் மாற்றமில்லாமல் ஒரு வருடம் 44, மறு வருடம் 36 வரலாம். நழுவிய பந்து இன்னும் மோசம். நீள்வட்டப் பந்து எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதை மீட்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. போன வருடம் நழுவியதில் முக்கால்வாசியை மீட்ட அணியின் புள்ளிகளில் ஒரு பங்கை இந்த வருடம் தள்ளுபடி செய்தாக வேண்டும்.

இதை உணராததால்தான் அமெரிக்காவில் பத்திரிகை அட்டையில் படம் வந்தால் அணிக்கு ஆகாது என்ற மூடநம்பிக்கை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. நம்மூரில் இதற்குக் கண் திருஷ்டி என்று பெயர். திறமையும் அதிர்ஷ்டமும் ஒன்றாக உச்சியில் இருக்கும் வாரத்தில்தான் அட்டையில் படம் வரும். அதிர்ஷ்டம் அடுத்த வாரமும் கூடவே வர வேண்டிய அவசியமில்லை. எந்தக் கண்ணும் படவில்லை. சராசரி தன் இடத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் பட்டியல் நிற்கும் கால்களில் ஒன்று, கழுவி எடுத்த போன வருட எண். மற்ற கால்கள்: முந்தைய சில ஆண்டுகளின் தரம், கடைசி நான்கைந்து வருடங்களில் பள்ளிகளிலிருந்து சேர்த்த வீரர்களின் மதிப்பீடு, போன வருட ஆட்டத்தில் எவ்வளவு பங்கு திரும்பி வருகிறது என்பது. கடைசியதை ஆள் எண்ணிக்கையில் அளக்காதீர்கள். 11 பேரில் 8 பேர் திரும்புகிறார்கள் என்றால், போகிற மூவரில் ஒருவர் குவாட்டர்பேக்கா என்பதே முக்கியம். அவர் வீசிய யார்டு, பிடிப்பவர்கள் பிடித்த யார்டு, முன்வரிசை ஐவர் களத்தில் நின்ற அசைவுகள் என்று பங்கு போடுங்கள். ஓட்டக்காரருக்கு எடை மிகக் குறைவு, ஏனென்றால் அவருக்கு வழி திறப்பது அந்த ஐவர். 2018 அக்டோபரில் அணி மாறுவோருக்கான பொதுப் பதிவேடு வந்தது. 2021-இல் ஒரு தடவை மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை என்றானது. அதன் பிறகு வருகிறவர் பழைய கல்லூரியில் சம்பாதித்ததையும் எதிரணித் தரத்துக்குத் திருத்திச் சேர்க்காத கணக்கு ஆகஸ்டிலேயே பழசாகிவிடும். வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தை மட்டும் எதற்கும் ஆதாரமாக எடுக்காதீர்கள். குவாட்டர்பேக்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆடுவது அது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அசைவு வாரியான அடிப்படைப் பதிவு எவருக்கும் கிடைக்கிறது. முன்வரிசையில் யார் யாரைத் தடுத்தார், எத்தனை நொடியில் அழுத்தம் வந்தது என்ற நுணுக்கப் பதிவோ பணம் கட்டினால்தான். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு. அந்தப் பணத்தில் ஒரு துளியை ஒதுக்கி அந்தப் பதிவுகளைப் பொதுவில் வைத்தால், புள்ளியியல் படிக்கும் மாணவர்களுக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

இந்தக் கணக்கு எங்கே தவறும்? லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் 2019 சீசன் நல்ல பாடம். 2018-இல் அந்த அணி ஆட்டத்துக்கு 32.4 புள்ளி எடுத்தது. குவாட்டர்பேக் ஜோ பரோ 379 வீச்சில் 219-ஐப் பிடிப்பவர் கையில் சேர்த்திருந்தார், 57.8 சதவீதம், 16 டச்டவுன். அவரும் திரும்புகிறார், முக்கியமான பிடிப்பவர்களும் திரும்புகிறார்கள். ஏபி பட்டியலில் ஆறாம் இடம். எந்தச் சூத்திரமும் ஓரளவு முன்னேற்றத்தைத்தான் சொல்லியிருக்கும். நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து, பிடிப்பவர்களைக் களம் முழுக்க விரித்து, ஓட்டக்காரரையும் பிடிக்கவிடும் முறையைக் கொண்டுவந்திருந்தார். கல்லூரி ஆட்டத்தில் அவருக்கு முந்தைய எண்கள் இல்லை. ஆகவே கணக்கில் அவர் இல்லை.

இரண்டாவது ஆட்டம், செப்டம்பர் 7, டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக, அதன் ஊரான ஆஸ்டினில். முடிய இரண்டரை நிமிடம், லூசியானாவுக்கு 37–31 முன்னிலை. மூன்றாவது டவுன், 17 யார்டு தேவை, பந்து சொந்தக் கோட்டிலிருந்து 39 யார்டில். அட்டவணையைப் பார்த்தால் அடுத்தது பண்ட், எதிரணிக்கு வெல்ல ஒரு வாய்ப்பு. பாய்ந்து வந்தவர்களிடமிருந்து விலகி பரோ வீச, ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடித்து ஓடி, மொத்தம் 61 யார்டில் டச்டவுன். முடிவு 45–38.

ஒரு அசைவை வைத்து ஆகஸ்ட் எண்ணை மாற்றக் கூடாது. அன்று பரோவின் மொத்தக் கணக்கு 39-க்கு 31. இதை மட்டும் சோதித்துப் பாருங்கள். அவர் இன்னும் 57.8 சதவீதக்காரர் என்றால் 39 வீச்சில் சராசரியாக 22.5 சேர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் தனித்தனி என்று கொண்டால் திட்ட விலக்கம் 3.1. 31 என்பது 2.7 திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது, வெறும் அதிர்ஷ்டத்தால் வருவது மிக அரிது. அதுவும் ஒன்பதாம் இடத்திலிருந்த அணிக்கு எதிராக, அதன் ஊரிலேயே. பழைய எண்ணைக் கைவிட அந்த இரவு போதுமான காரணம் தந்தது. சீசன் முடிந்தபோது பரோவின் விகிதம் 76.3 சதவீதம், டச்டவுன் 60. அணி 15 ஆட்டத்திலும் வென்று ஆட்டத்துக்கு 48.4 புள்ளி எடுத்திருந்தது.