பத்துத் தடவை எழுதினால் ஸ்பெல்லிங் வந்துவிடுமா?

ட்யூஷன் சென்டர் போர்டுகளைக் கவனித்துப் பாருங்கள். பல ஊர்களில் ட்யூஷன் என்ற சொல்லிலேயே ஓர் எழுத்து குறையும். யு-வுக்கு அடுத்து வர வேண்டிய ஐ இருக்காது. ஸ்டேஷனரி கடைப் பலகையில் ஈ வர வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். அப்படி எழுதினால் நகராமல் நிற்பது என்று பொருள். பார்க்கிங் பலகையில் வெஹிகிள் என்ற சொல்லுக்குள் வேண்டாத ஒரு சி வந்து உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே தப்பை நான்காம் வகுப்புப் பிள்ளை டிக்டேஷனில் எழுதினால் பேச்சு மாறிவிடுகிறது. "கவனமே கிடையாது", "சோம்பேறி", "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது." சில ஆண்டுகளாக இதற்கு நேரெதிரான பேச்சும் கேட்கிறது. நோட்டில் நாலு தப்பைக் கண்டதும் "டிஸ்லெக்ஸியாவா இருக்குமோ?" என்று, அதாவது வாசிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று பெற்றோர் கலங்குகிறார்கள். முதல் பேச்சு பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறது, இரண்டாவது நோயாளி ஆக்குகிறது. இரண்டிலும் தப்பை எண்ணுகிறார்களே தவிர, படித்துப் பார்ப்பதில்லை. எத்தனை தப்பு என்பதை விட்டுவிட்டு எந்த மாதிரித் தப்பு என்று பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

முதலில் பழியில் ஒரு பங்கை ஆங்கிலத்தின் மீதே போட்டுவிடலாம். 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. நைட் என்ற வீரனைக் குறிக்கும் சொல்லின் முன்னால் நிற்கும் கே ஒரு காலத்தில் வாயில் ஒலித்தது. பேச்சிலிருந்து போய்விட்டது, எழுத்தில் தங்கிவிட்டது. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் பி எப்போதுமே ஒலித்ததில்லை. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. ஐலண்ட் என்ற சொல்லில் உள்ள எஸ் அதைவிட மோசம். அது தப்பான லத்தீன் உறவை நினைத்துச் சேர்த்தது. இந்தக் கதைகளைப் பிள்ளைகளிடம் சொல்வதில் பயன் உண்டு. தன் தலையில் கோளாறு இல்லை, சொல்லில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அந்தச் சொல்லை மறப்பதில்லை.

தமிழ் வாயிலிருந்து வரும் தப்புகள் தனி ரகம். ஸ்கூல் என்பதற்கு முன்னால் ஓர் ஐ போட்டு இஸ்கூல் ஆக்குவது, மில்க் என்பதன் கடைசியில் யு சேர்ப்பது, ஃபேன் என்பதை எஃப் இல்லாமல் எழுதுவது, பிக் என்ற சொல்லை ஜி-க்குப் பதில் கே-யில் முடிப்பது. காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்காமல் குற்றியலுகரம் சேர்ப்பது நம் பழக்கம். க என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்ப இரண்டு மூன்று விதமாக ஒலிக்கும். இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் பி-தான். இந்தக் கட்டுரையில்கூட ஒன்றைக் கோடு மேலே நிற்கும் பி என்றும், மற்றதைக் கோடு கீழே தொங்கும் பி என்றும்தான் பிரிக்க முடிகிறது. இந்த வகைத் தப்புகள் டிஸ்லெக்ஸியா அல்ல. காதுக்கும் வாய்க்கும் பயிற்சி கொடுத்தால் படிப்படியாகச் சரியாகும்.

டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையின் நோட்டு வேறு மாதிரி இருக்கும். ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஸ்டாண்ட் என்பதில் டி-யும் என்-னும் காணாமல் போய் 'ஸேட்' என்று நிற்கும். ஸ்ட்ரிங் என்பது 'ஸிங்' ஆகிவிடும். அதாவது ஒலி தப்பாக எழுதப்படவில்லை, ஒலியே விழுந்துவிடுகிறது. எழுத்துகள் எல்லாம் இருந்தும் வரிசை கலைந்திருக்கும். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். அந்தப் பையன் தன் பெயரையே 'ப்ரெசி' என்று எழுதினான். திரும்பத் திரும்பக் கேட்கும்வரை தப்பு அவன் கண்ணில் படவில்லை. பாடத்தை முழுக்க வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்து வைத்திருக்கிறார். பெயரின் நடுவே இரண்டு எழுத்து இடம் மாறிய அந்தச் சிறிய தப்பு இன்றைக்கும் நான்கு கோடு நோட்டுகளில் அப்படியே காணக் கிடைக்கிறது.

இன்னொரு தடயம் தமிழ் நோட்டில் இருக்கும். ல, ள, ழ குழப்பம் பாதி ஊருக்கு உண்டு, அதை விடுங்கள். புள்ளி விழுந்து கேள்வி 'கேளவி' ஆவதையும், துணைக்கால் தொலைந்து பொம்மை 'பெம்மை' ஆவதையும் பாருங்கள். கெ என்று எழுதும்போது முதலில் ஒலிப்பது க், ஆனால் முதலில் எழுதுவது கொம்பு. கொ என்றால் உயிரின் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் இப்படி மாறும் இடங்களில்தான் இந்தப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "தமிழ் மீடியத்துல போட்டா சரியாகிடும்" என்ற ஆலோசனை எடுபடாததற்கு இதுவே காரணம். 2001-ல் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் பேசும் டிஸ்லெக்ஸியா உள்ளவர்களை ஒப்பிட்ட ஆய்வில், எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் இத்தாலியனில் அவர்களின் வாசிப்புத் தப்பு குறைவாக இருந்தது. மூளை வேலை செய்த விதத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே வித்தியாசம் தெரிந்தது. இப்படிப்பட்ட மொழிகளில் தப்பைவிட வாசிப்பின் வேகம்தான் காட்டிக்கொடுக்கும்.

ஏழு வயதுவரை மேலே நிற்கும் பி-யும் டி-யும் இடம் வலம் மாறுவது சாதாரணம். இரண்டாம் வகுப்பு முடிந்தும் மாறிக்கொண்டே இருந்தால் கவனிக்கலாம். கண்ணுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டாம். கண்ணையும் காதையும் ஒரு முறை சோதித்துவிடுவது அவசியம்தான். ஆனால் வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்ஸியாவுக்கு மருந்து என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் 2009-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்பெஷல் எஜுகேட்டரைப் பார்க்கலாம்.

வீட்டிலேயே முதற்கட்டமாகப் பார்க்க இரண்டு மாலை போதும். இருபது சொற்கள் எடுங்கள். பத்து, ஒலித்தபடியே எழுதக்கூடியவை. பத்து, ஒலிக்கு ஒத்துவராத கோணல் சொற்கள். டிக்டேஷன் கொடுங்கள். அடுத்த நாள் ஐந்து வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதாகப் பிடித்த விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொந்தமாக எழுதட்டும். கோணல் சொல் மட்டும் தப்பினால் பழக்கம் போதவில்லை என்று பொருள். நேரான சொற்களிலும் ஒலி விழுந்திருந்தால் ஒலியைப் பிரிப்பதில் சிக்கல். பார்த்து எழுதுவதிலும் தப்பு நிறைய என்றால் கண், கையெழுத்து, கவனம் ஆகியவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். டிக்டேஷனில் சரியாக வந்த சொல் சொந்த எழுத்தில் தப்பினால், யோசனை, வாக்கியம், ஸ்பெல்லிங் மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கத் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக மிப், வெக், ஸ்லிம்ப் என்று அர்த்தமில்லாத நாலைந்து சொற்களைச் சொல்லி எழுத வையுங்கள். மனப்பாடம் இங்கே கை கொடுக்காது. ஒலியை எழுத்தாக்கும் திறன் மட்டும் வெளியே தெரியும்.

இனி இம்போசிஷன். தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுது என்றால் பிள்ளை என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழே பத்துத் தடவை எழுதும். பிறகு இரண்டாம் எழுத்து பத்துத் தடவை. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலப் பக்கம் நிரம்பிவிடும், சொல் ஒரு தடவைகூட மனதுக்குள் ஒலித்திருக்காது. முதல் வரியையே தப்பாகப் பார்த்து எழுதியிருந்தால் கதை முடிந்தது, தப்பு பத்து மடங்கு உறுதியாகிவிடும்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது மெதுவான வேலை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் தடை எங்கே என்றால், ஸ்டாப் என்ற சொல்லில் எத்தனை ஒலி என்று கேட்டால் பலரும் 'ஸ், டா, ப்' என்று மூன்று சொல்வார்கள். டா என்பது நமக்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்துக்கு அது இரண்டு ஒலி. இதைப் புரியவைக்க நம்மிடமே கருவி இருக்கிறது. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று பிள்ளைக்குத் தெரியும். அதைத் திருப்பிப் போடுங்கள்: டா என்பது ட், ஆ. பிறகு ஒரு தாளில் நான்கு கட்டம் வரைந்து, ஒவ்வொரு ஒலியையும் சொல்லும்போது ஒரு புளியங்கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ளச் சொல்லுங்கள். ஸ், ட், ஆ, ப். கொட்டைகள் சரியாக விழுந்த பிறகுதான் அதே கட்டங்களில் எழுத்து. ஷிப் என்ற சொல்லுக்கு மூன்று கட்டம்தான். எஸ்-ஸும் ஹெச்-சும் சேர்ந்து முதல் கட்டத்தில் உட்காரும். எழுத்து நாலு, ஒலி மூன்று என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே விளங்கிவிடும். எடுத்த எடுப்பில் எழுத்தைக் கொடுப்பதுதான் பலரும் செய்கிற தவறு.

கோணல் சொற்களுக்கு வேறு வழி. ஒரு நாளைக்கு மூன்று புதுச் சொல், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து, இருபது நிமிடம் போதும். தட்டில் ரவையை மெல்லிசாகப் பரப்பிக்கொள்ளுங்கள். சொல்லைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். எந்த இடம் மட்டும் ஒலிக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து அதில் மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும். ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ரவையில் விரலால் எழுத வேண்டும். பிறகு சொல்லை மூடிவிட்டு நோட்டில் ஒரு தடவை, திறந்து சரிபார்க்க வேண்டும். அன்று இரவு ஒரு முறை, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்பக் கேளுங்கள். எழுதியிருக்கிறபடியே வேண்டுமென்று தப்பாக உச்சரிப்பதும் உதவும்: வெட்-நெஸ்-டே, ஃப்ரை-எண்ட். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், சிரித்துக்கொண்டே கற்றது நிற்கும். பி, டி குழப்பத்துக்கு இரண்டு கைகளையும் மடக்கி, கட்டைவிரல்களை மேலே நிறுத்துங்கள். இடது கை மேலே நிற்கும் பி, வலது கை டி, நடுவில் ஈ இருப்பதாக நினைத்தால் பெட், அதாவது கட்டில். பரீட்சை ஹாலில் மேசைக்குக் கீழேயும் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி முறையாகச் சொல்லிக்கொடுத்தும் 6 மாதத்துக்கு மேல் சிரமம் நீடித்தால் மதிப்பீடு அவசியம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு வைத்திருக்கும் கால அளவும் அதுதான். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதத்தினருக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்கிறது அது. நாற்பது பேர் வகுப்பில் குறைந்தது இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் அது கிடையாது. 2018-ல் வந்த வழிகாட்டுதல் 8 வயது நிரம்பியவர்களுக்கே குறைபாட்டுச் சான்றிதழ் என்றது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு; 18-ல் கொடுப்பது வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்றும் சொன்னது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத்தான் அது பயன்படுத்தச் சொன்னது. அறிவுத்திறன் சோதனையும் கூடவே நடக்கும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதல் இந்தத் துறையில் இயங்குகிறது.

சான்றிதழ் என்றதும் "பேரு கெட்டுப்போயிடும்" என்று பெற்றோர் பின்வாங்கி, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடிவருவது வழக்கம். சிபிஎஸ்இ தேர்வில் 3 மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், சொல்வதை எழுத ஸ்க்ரைப் உண்டு, மாநிலப் பாடத்திட்டத்திலும் சலுகைகள் உள்ளன. ஆனால் ஸ்க்ரைபிடம் விடையைச் சொல்லுவது தனிப் பயிற்சி. அதை எட்டாம் வகுப்பிலேயே தொடங்காவிட்டால் தேர்வன்று வாய் அடைத்துப்போகும்.

"ஐன்ஸ்டீனுக்கே இருந்துச்சாம்" என்று ஆறுதல் சொல்பவர்கள் அதை நிறுத்திக்கொள்ளலாம். ஐன்ஸ்டீனுக்கு டிஸ்லெக்ஸியா என்பதற்கு ஆதாரம் இல்லை. அது மட்டுமில்லை, ஸ்பெல்லிங்கில் தோற்ற பிள்ளை மேதையாகவும் ஆகித் தொலைக்க வேண்டும் என்று இன்னொரு சுமையை ஏன் ஏற்ற வேண்டும்?

ஆசிரியர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறிவியல் தாளில் ஃபோட்டோசிந்தசிஸ் தப்பாக எழுதப்பட்டிருந்தாலும், சூரிய ஒளியில் இலை என்ன செய்கிறது என்று பிள்ளை சரியாகச் சொல்லியிருந்தால் அறிவியல் மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல வேண்டாம். டிக்டேஷன் நோட்டைத் திருத்தும்போது சொல் முழுவதையும் சிவப்பில் அடித்துவிடாதீர்கள். ஃப்ரெண்ட் என்ற சொல்லில் ஐ-யும் ஈ-யும் இடம் மாறியிருந்தால் அந்த இரண்டை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 6-க்கு 4 என்று எழுதுங்கள்.