சரியான இடத்தில் பட்டை விழுந்தால் மட்டும் போதாது

வெஸ்டர்ன் பிளாட் (செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) படத்தோடு வரும் ஆராய்ச்சி மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "இந்தப் புரதமே இல்லாத செல்லை எந்த லேனில் (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் தடம்) ஓட்டினீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. எதிர்பார்த்த எடையில், மார்க்கருக்கு (எடை தெரிந்த புரதங்களின் கலவை) நேராகப் பட்டை விழுந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்று நினைக்கிறார்கள். புற்றுநோய் ஆய்வில் அது போதவே போதாது.

முறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செல்களை உடைத்து எடுத்த புரதங்களை எஸ்டிஎஸ் என்ற சோப்பு மாதிரியான பொருள் சேர்த்துச் சூடாக்கினால், அவை மடிப்பு அவிழ்ந்து எதிர்மின் சுமை ஏறி நிற்கும். ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சும்போது சிறியவை முன்னே ஓடும், பெரியவை பின்தங்கும். பிறகு அவற்றை அந்த வரிசை கலையாமல் நைட்ரோசெல்லுலோஸ் அல்லது பிவிடிஎஃப் சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சேர்க்கிறோம். அதன்மேல் ஒட்டும் இரண்டாவது ஆன்டிபாடியில் உள்ள நொதி, வேதிப்பொருளோடு வினைபுரிந்து ஒளி தருகிறது. அதாவது, ஆன்டிபாடி எங்கே போய் ஒட்டியது என்பதைத்தான் படம் காட்டுகிறது. அது சரியான புரதத்தில்தான் ஒட்டியதா என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

கட்டிகளை அடக்கும் பி53 புரதத்தையே எடுத்துக்கொள்வோம். இதில் 393 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை சுமார் 44 கிலோடால்டன். ஆனால் ஜெல்லில் 53-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த ஒரு பகுதி அதன் ஓட்டத்தை மெதுவாக்குகிறது. எடையை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே சாட்சி. எச்1299 என்ற நுரையீரல் புற்றுநோய் செல் லைனில் பி53 கிடையாது. அந்த லேனிலும் அதே இடத்தில் பட்டை தெரிந்தால், ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்திருக்கிறது.

இன்னொன்று. இயல்பான பி53 செல்லில் நிலைக்காது, எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பிறழ்வு ஏற்பட்ட பி53 பல கட்டிகளில் சிதையாமல் குவிந்துவிடுகிறது. அதனால் பட்டை அடர்த்தியாக இருப்பதைப் பார்த்து, கட்டியை அடக்கும் புரதம் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். நிலைமை நேர்மாறாக இருக்கலாம்.

ஆன்டிபாடி பெட்டியில் எழுதியிருப்பதை நம்பினால் என்ன ஆகும்? ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பீட்டாவுக்கான 13 ஆன்டிபாடிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் குறிப்பாக அந்தப் புரதத்தைப் பிடித்தது. மார்பகப் புற்றுநோயில் அந்த ரிசெப்டரைப் பற்றி அதுவரை எழுதப்பட்ட பலவும் கேள்விக்குள்ளாயின. அந்த ஆய்வுகளுக்குச் செலவான திசு மாதிரிகள் நோயாளிகள் நம்பிக் கொடுத்தவை. எனக்கு இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையாகத் தெரியவில்லை.

சில்லறை விஷயங்கள் மாதிரித் தெரியும் இரண்டு. பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடும்போது பால் பவுடரால் பிளாக் செய்யாதீர்கள் (ஆன்டிபாடி சவ்வில் கண்ட இடத்தில் ஒட்டாமல் மூடுவதுதான் பிளாக்). பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுத்துவிடலாம். மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் பிஎஸ்ஏ என்ற புரதம் நல்லது. அப்புறம், எல்லா லேனிலும் சம அளவு ஏற்றினோமா என்று பார்க்க ஆக்டின் புரதத்தை ஒப்பிடுவார்கள். அது செல்லில் ஏராளமாக இருப்பதால் அதன் பட்டை சீக்கிரமே உச்ச அடர்த்தியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒரு லேனில் இரண்டு மடங்கு ஏற்றினாலும் வித்தியாசம் தெரியாது. சவ்வில் உள்ள மொத்தப் புரதத்தையும் பான்சோ என்ற சாயத்தில் நிறமேற்றிப் பார்ப்பதை நான் அதிகம் நம்புகிறேன்.

கட்டுரை அனுப்பும்போது, வெட்டாத முழுச் சவ்வின் படத்தையும் மார்க்கர், லேன் குறிப்புகளோடு சேர்த்தே அனுப்புங்கள். வேண்டாத பட்டைகள் இருந்தால் இருக்கட்டும், படிப்பவர் பார்த்து முடிவு செய்யட்டும்.