முத்திரை பத்திரமாக, ரசீதுகள் அடுப்பில்

ஸ்காட்லாந்தின் சிற்றூர்களில் பழைய வழக்கறிஞர் வீடுகளைக் காலி செய்பவர்களே, குப்பை வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள். அண்மையில் ஒரு குடும்பம், பரணில் கிடைத்த பழைய நகரசபையின் தோல் சாசனத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்களிடம் கொண்டுவந்தது. மெழுகு முத்திரையோடு அழகாகத்தான் இருந்தது. அதனுடன் பெட்டி பெட்டியாக இருந்த காகிதங்கள் எங்கே என்று கேட்டேன். "வெறும் ரசீதுகள்தானே, எரித்துவிட்டோம்" என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நகரசபைக் காகிதம் தனியார் வீட்டுக்குள் வந்ததில் வியப்பில்லை. சின்ன ஊர்களில் நகர எழுத்தராக இருந்தவர் பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர்தான். கட்சிக்காரர் வேலையும் சபை வேலையும் ஒரே மேசையில் நடந்தன. 1975 மே மாதத்தில் நகரசபைகள் ஒழிந்தன. அவற்றின் இடத்தில் வந்த பிராந்தியங்களும் மாவட்டங்களும் 1996இல் போய், இன்றைய 32 மன்றங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் சில அலமாரிகள் யார் கண்ணிலும் படாமல் தங்கிவிட்டன. சபை இல்லாமல் போனதால் ஏடுகளும் அநாதை என்று நினைக்க வேண்டாம். அவற்றைக் கேட்க வாரிசு மன்றம் இருக்கிறது.

முத்திரை தொங்கினால்தான் மதிப்பு என்ற நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அரசர் வழங்கிய பல சாசனங்களின் வாசகம் எடின்பரோவில் உள்ள பெருமுத்திரைப் பதிவேட்டிலும் (அரச முத்திரை பெற்ற ஆவணங்களைப் படியெடுத்து வைத்த ஏடு) ஏறியிருக்கிறது. பீபிள்ஸ் நகரின் சாசனங்கள் 1872இலேயே அச்சாகிவிட்டன. மூலம் தொலைந்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனாலும் அதில் என்ன எழுதியிருந்தது என்றாவது தெரியும். பொருளாளரின் கணக்கேடும் நூலில் கோத்த ரசீதுகளும் அப்படியா? ஒரே பிரதி. துறைமுகச் சுவரைப் பழுது பார்த்த கொத்தனார், மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கு எண்ணெய் போட்டவர், தெருவில் முரசறைந்து அறிவித்தவர் என்று பலருக்கு வேறெங்கும் சுவடே கிடையாது.

வரலாற்றில் ஆர்வம் இல்லையென்றால் நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப் பொதுச் சொத்தின் வருமானத்தை ஊர் நலனுக்கே செலவிட வேண்டும் என்று 1491ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தச் சொத்துகளுக்குப் பட்டியல் வைக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்களைக் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் ஊர்ப் பூங்காவை விற்க முனையும்போது, அது பொதுச் சொத்தா என்ற கேள்விக்குப் பழைய தீர்மானப் புத்தகத்திலும் கணக்கேட்டிலும்தான் விடை தேடுவார்கள். அதைத்தான் அடுப்பில் போடுகிறீர்கள்.

ஆகவே, எது முக்கியம் என்று நீங்களே பொறுக்கி எடுக்காதீர்கள். கட்டுகளை அவிழ்த்து ஆண்டுவாரியாக அடுக்காதீர்கள். எழுத்தர் கட்டிவைத்த வரிசையும் எங்களுக்குச் சான்றுதான். கிழிசலில் செல்லோடேப் கூடவே கூடாது. லேமினேட் செய்தால் எங்களாலும் மீட்பது கடினம். சுருண்ட தோல் சாசனத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கையுறை தொலைக்காட்சிக்காரர்கள் பரப்பிய பழக்கம். அதைப் போட்டால் விரலுக்குத் தாள் பிடிபடாமல் ஓரம் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். பூஞ்சை பிடித்த ஏட்டைத் தட்டி உதறினால் அந்தத் தூள் உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். 1845ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எழுதப்பட்ட ஏழைகள் நிவாரணப் பதிவேடு கிடைத்தால், படமெடுத்து முகநூலில் போட்டுவிடாதீர்கள். யாருக்கு என்ன நோய், யாரைக் கணவன் விட்டுப் போனான், எந்தக் குழந்தைக்கு அப்பா பெயர் இல்லை என்றெல்லாம் அதில் இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

தொலைபேசியில் ஊர்ப் பெயரையும், காகிதம் ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்பதையும் சொன்னால் போதும். பெட்டி கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.