பிளாஸ்மா: செம்பனைத் தோட்டத்தில் வழங்கும் ஒரு சொல்

இந்தோனேசியாவின் செம்பனைத் தோட்டங்களைப் பற்றிய செய்திகளில் ‘பிளாஸ்மா விவசாயிகள்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. பிளாஸ்மா என்றதும் குருதியின் நீர்மப் பகுதியை நினைக்கும் தமிழ் வாசகருக்கு இத்தொடர் எதையும் உணர்த்தாது. ஒரு நிறுவனம் பாமாயிலுக்காகப் பெருந்தோட்டம் அமைக்கும்போது, அதன் பயனில் சுற்றுவட்டார ஊர் மக்களும் பங்கு பெறுவதற்காக அவர்களுக்கென உருவாக்கப்படும் தோட்டப் பகுதிக்கே அந்நாட்டில் பிளாஸ்மா என்று பெயர்.

சொல் கிரேக்கத்தைச் சேர்ந்தது. வார்த்து வடிவம் கொடுக்கப்பட்டது என்பது அதன் முதற்பொருள். பிளாஸ்டிக் என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் உயிரியலார் இதை உயிரணுவின் உட்பொருளைக் குறிக்கும் சொற்களில் எடுத்தாண்டனர். அந்த உயிரணுப் படமே தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. நடுவே நிறுவனத்தின் தோட்டமும் ஆலையும் ‘இன்தி’, அதாவது உட்கரு. அதைச் சூழ்ந்திருக்கும் ஊரார் தோட்டம் பிளாஸ்மா. செம்பனைக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பையும் இந்தோனேசிய மொழியில் இன்தி என்றே சொல்கிறார்கள்.

1970களின் பிற்பகுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய இத்திட்டத்தின் முழுப்பெயர் ‘பெர்கெபுனான் இன்தி ராக்யாட்’. இதிலுள்ள ராக்யாட் என்ற சொல்லுக்கு மக்கள் என்று பொருள். அரபு மூலத்திலிருந்து வந்த இச்சொல்லின் உடன்பிறப்பு நமக்கு நெடுநாளாகப் பழக்கமானது; ரயத்துவாரி என்பதில் உள்ள ரயத்து அதுவே. திட்டத்தின் பெயரிலேயே குடிகள் இருந்தும், வழக்கில் நிலைத்தது அவர்களைச் சுட்டாத பிளாஸ்மா என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உருவகம் ஓரளவுக்குப் பொருந்தத்தான் செய்கிறது. அறுத்த செம்பனைக் குலை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் பெருகி எண்ணெயின் தரம் கெடும். ஆகவே ஆலையை விட்டு விலகிச் சிறு விவசாயி நெடுந்தொலைவு போக முடியாது. ஆனால் உட்கருவே முதன்மை, மற்றவை அதைச் சார்ந்தவை என்ற எண்ணத்தையும் அந்த உருவகம் கூடவே ஊட்டிவிடுகிறது. பல இடங்களில் தலைமுறைகளாக ஊராருடையதாக இருந்த நிலத்தில்தான் நிறுவனத்தின் தோட்டமே எழுந்தது என்பது அதில் மறைந்துபோகிறது.

சொல்லின் பொருளும் ஒரே நிலையில் நிற்கவில்லை. மக்களை வேறு தீவுகளுக்கு அனுப்பிய அரசுக் குடியேற்றத்தோடு இணைந்த பழைய திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வழக்கமாக 2 ஹெக்டேர் செம்பனை கிடைத்தது. கடன் தீர்ந்ததும் பட்டா கைக்கு வரும். 2007ஆம் ஆண்டின் வேளாண் அமைச்சக விதி, நிறுவனத் தோட்டப் பரப்பில் குறைந்தது 20 விழுக்காடு அளவுக்கு மக்கள் தோட்டம் அமைக்க வேண்டும் என்றது. 2014ஆம் ஆண்டின் தோட்டச் சட்டமும் அதே அளவை வலியுறுத்தியது. இதற்கிடையே, எல்லா மரங்களையும் நிறுவனமே பராமரித்து, கூட்டுறவுச் சங்கத்தின் வழியே உறுப்பினருக்குத் தொகை மட்டும் வழங்கும் முறையும் பரவியது. அங்கே உரம், அறுவடைக் கூலி, சாலைப் பராமரிப்பு, நிர்வாகச் செலவு, கடன் தவணை என ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு எஞ்சுவதே உறுப்பினரின் பங்கு. தன் மரம் எது என்றே அறியாதவரும், தன் இரண்டு ஹெக்டேரில் தானே குலை வெட்டுபவரும் ‘பிளாஸ்மா விவசாயி’ என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகிறார்கள்.

தமிழாக்கம் இந்த மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். இன்தியைக் ‘கருத்தோட்டம்’ எனலாமா என்றால், அது கருத்து ஓட்டம் என்றும் பிரியும். நிறுவனத்தின் கையில் ஆலை இருப்பதே வேறுபாட்டுக்கு அடிப்படை என்பதால் ‘ஆலைத்தோட்டம்’ என்பது தெளிவானது. மக்கள் பெயரில் பட்டா உள்ள, அல்லது கடன் தீர்ந்ததும் பட்டா வரவேண்டிய பகுதியைக் ‘குடித்தோட்டம்’ என்று சொல்லலாம். மேல்வாரம், குடிவாரம் என்ற பழைய இணையில், விளைச்சலில் பயிரிடுபவரின் பங்கைச் சுட்டிய அதே ‘குடி’ இங்கும் இயல்பாகப் பொருந்துகிறது. நிலமோ மரமோ கைக்கு வராமல் பணம் மட்டும் வரும் ஏற்பாட்டைத் தோட்டம் என்று அழைப்பது சரியல்ல. அதற்குக் ‘குடிப்பங்கு’ போதும். இவை அனைத்துக்கும் பொதுப்பெயராகப் ‘பயன்பகிர்வு’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஆயினும் செய்தியை மொழிபெயர்ப்பவர், பகிரப்படுவது நிலமா தொகையா என்று மூலத்தில் பார்த்துவிட்டு, இவற்றில் உரியதைத் தேர்ந்துகொள்வது நல்லது.