மீக்குளிர் அயனிமம்: சொல்லும் பொருளும்

அல்ட்ராகோல்ட் நியூட்ரல் பிளாஸ்மா என்று இயற்பியலில் ஒரு துறைச்சொல் இருக்கிறது. இதைத் தமிழில் ‘மீக்குளிர் மின்நடுநிலை அயனிமம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. சுருக்கமாக, மீக்குளிர் அயனிமம். ஏன் இப்படி என்று விளங்க வேண்டுமானால் மூன்று சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதிலும் பிளாஸ்மாவிடம்தான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

பிளாஸ்மா கிரேக்கச் சொல். பிசைந்தோ வார்த்தோ உருவாக்கிய பொருள் என்பது அதன் மூலப்பொருள். 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இதை எடுத்துக் குருதியில் அணுக்களைச் சுமந்து ஓடும் மஞ்சள் நிற நீர்மத்துக்குச் சூட்டினார்கள். இயற்பியலுக்குள் இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மூர், 1928இல். வளிமத்தின் வழியே மின்சாரம் பாயும் மின்னிறக்கக் குழாய்க்குள் எலக்ட்ரான்களும், எலக்ட்ரானை இழந்து மின்னூட்டம் பெற்ற அணுக்களான அயனிகளும் சம அளவில் கலந்து கிடந்த பகுதிக்கு அவர் இந்தப் பெயரை வைத்தார். குருதி நீர்மம் அணுக்களைச் சுமப்பது அவருக்கு நினைவுக்கு வந்ததாக, உடன் வேலை செய்த மாட்-ஸ்மித் பல ஆண்டுகள் கழித்து எழுதியிருக்கிறார். பெயர் வைப்பதற்கு முன்பே பொருள் தெரிந்திருந்தது. ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் குரூக்ஸ் 1879இலேயே இதைப் பருப்பொருளின் நான்காம் நிலை என்று பேசியிருந்தார்.

தமிழில் பிளாஸ்மா என்றே விட்டுவிட்டால் என்ன? பாடப்புத்தகம் அப்படித்தான் விட்டிருக்கிறது. ஆனால் டெங்கு காய்ச்சல் காலத்தில் பாளையங்கோட்டையில் யாரிடம் கேட்டாலும் பிளாஸ்மா என்றால், “ஆஸ்பத்திரியில ஏத்துதாவள்லா, அதுதான்” என்பார்கள். அந்தப் பொருள் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது, அதை அசைக்கத் தேவையில்லை. இயற்பியலுக்குத் தனிச்சொல் இருந்தால் இரண்டுக்கும் நல்லது. ஏற்கெனவே சிலர் எழுதிவரும் அயனிமம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. திண்மம், நீர்மம், வளிமம் என்ற வரிசையில் நான்காவதாக அது தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிறது. நான்காம் நிலை என்று விளக்கம் சொல்லவே வேண்டாம், சொல்லின் வடிவமே சொல்லிவிடும்.

அயனி என்பது ‘செல்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் தமிழ் வடிவம். மின்புலத்தில் ஏதோ ஒரு முனையை நோக்கிச் செல்வதால் மைக்கேல் ஃபாரடே 1834இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். (மேற்கு மலையடிவாரத்தில் அயனி என்றால் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அயனிப்பலா மரம். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் காதுக்குப் பழகிய ஒலி என்பதால் இந்த இறக்குமதிச் சொல் நம்மிடம் சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.)

அயனிமத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. அதில் சூடு இல்லை. நெருப்பு, தழல், அனல் போன்ற சொற்களை வைத்துப் பெயர் அமைத்திருந்தால் இன்று மாட்டிக்கொண்டிருப்போம். பிளாஸ்மா என்றாலே சூரியன், மின்னல், வெல்டிங் பொறி என்றுதான் வகுப்பில் தொடங்குகிறோம். அது தவறில்லை. இந்திய வானியற்பியலாளர் மேகநாத சாகா 1920இல் தந்த சமன்பாடு, வெப்பநிலை உயர உயர ஒரு வளிமத்தில் எவ்வளவு பங்கு அயனியாகும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க அதுதான் திறவுகோல் ஆயிற்று. அந்தச் சமன்பாட்டில் ஒரு கெல்வின் (சுமார் மைனஸ் 272 டிகிரி செல்சியஸ்) என்று போட்டுப் பார்த்தால் அயனியே கிடைக்காது. கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டதும் இதுதான்: “சார், அயனி உண்டாகணும்னா சூடு வேணும்லா? அப்போ குளிர்ந்த பிளாஸ்மான்னா எப்படி சார்?”

“சூடு ஒரு வழி, அவ்வளவுதாம்ப்பா. வெளிச்சமும் ஒரு வழி” என்றேன். சாகாவின் சமன்பாடு வெப்பச் சமநிலையில் இருக்கும் வளிமத்துக்கு உரியது. ஒளியால் அணுவை உடைத்தால் அந்தச் சமநிலைக்கு அங்கே வேலையில்லை.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திருநெல்வேலிக்கு வெகு அருகில் புவியின் காந்த நடுக்கோடு போகிறது. அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வுக்கூடம் ஒன்றைக் கிருஷ்ணாபுரத்தில் வைத்திருக்கிறது. சிற்பத்துக்குப் பேர்போன அதே கிருஷ்ணாபுரம்தான். நம் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் காந்த நடுக்கோட்டை ஒட்டிக் குறுகிய பட்டையாகக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அங்கே காற்றின் வெப்பநிலை சில நூறு கெல்வின்தான். அப்படியிருந்தும் அயனிமம் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகின்றன. பொழுது சாய்ந்தால் எலக்ட்ரானும் அயனியும் மறுபடி சேர்ந்து அந்த அடுக்கு மெலிந்துபோகிறது. ஒளியால் பிறக்கும் அயனிமம் திருநெல்வேலி வானத்தில் தினமும் வந்து போகிறது.

ஆய்வகத்தில் செய்ததும் ஏறத்தாழ இதே வேலைதான், ஆனால் பிரமிக்கவைக்கும் நுட்பத்தோடு. 1999இல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள நிஸ்ட் (தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வகத்தில் தாமஸ் கிலியன், ஸ்டீவன் ரோல்ஸ்டன் உள்ளிட்ட குழுவினர் செனான் அணுக்களை எடுத்துக்கொண்டார்கள். எதிரெதிராகப் பாயும் லேசர் கற்றைகளுக்கு நடுவே அணுவின் வேகம் குறைந்துகொண்டே போகும். 1997ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற உத்தி இது. இப்படி அணுக்களைச் சுமார் 10 மைக்ரோகெல்வினுக்கு, அதாவது ஒரு கெல்வினில் லட்சத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஒரே ஒரு லேசர் துடிப்பு. அதன் ஒளியன்களுக்கு (ஃபோட்டான்களுக்கு) எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றலுக்கு மேல் மிகக் கொஞ்சமே மிச்சம் இருக்கும்படி அலைநீளத்தைச் சரிசெய்திருந்தார்கள். செனான் அயனி எலக்ட்ரானைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல் கனமானது, அதனால் மிச்ச ஆற்றல் அனைத்தும் எலக்ட்ரானுக்கே போய்விடும். அயனி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். அலைநீளத்தை லேசாகத் திருப்பினாலே எலக்ட்ரான்களின் தொடக்க வெப்பநிலையை 1 கெல்வினிலிருந்து 1,000 கெல்வின் வரை விரும்பியபடி வைக்கலாம். வேறு எந்த அயனிமத்திலும் இவ்வளவு கைப்பிடி கிடைப்பது அரிது. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 200 கோடி அயனிகள் வரை.

இனி ‘மீக்குளிர்’. மீயொலி, மீக்கடத்தி என்று ‘மீ’ நமக்குப் பழகிய முன்னொட்டு. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீரைக் குறிக்கும் சூப்பர்கூல்டு என்ற சொல்லோடு குழம்பிவிடுமோ என்று ஒரு தயக்கம் எழலாம். அதற்கு மிகைக்குளிர் என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் இந்தக் குளிரை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளக் கூடாது. மைக்ரோகெல்வின் என்பது அணுக்களாக இருந்தபோது உள்ள நிலை. அணுக்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும், சில பக்கத்தில், சில தள்ளி. மின்னூட்டம் இல்லாதவரை ஒன்றையொன்று பொருட்படுத்தாது. நெல்லையப்பர் தேரோட்டத்தன்று ரதவீதியில் தேர் அசைந்ததும், அதுவரை சும்மா நின்ற கூட்டம் ஒருவரையொருவர் நெட்டித் தள்ளுவதுபோல, அயனியான நொடியிலேயே எல்லாம் ஒன்றையொன்று விலக்கத் தொடங்குகின்றன. ஒரு மைக்ரோநொடிக்குள் அயனிகளின் வெப்பநிலை ஒரு கெல்வின் அளவுக்கு ஏறிவிடுகிறது. ஒழுங்கின்மையால் வரும் இந்தச் சூடேற்றத்தை ‘ஒழுங்கின்மைச் சூடேற்றம்’ என்றே சொல்லலாம். ஒரு கெல்வினும் சூரியனோடு ஒப்பிட்டால் கடுங்குளிர்தான். ஆகவே பெயர் பொருந்தும்.

மின்நடுநிலை என்ற நடுச்சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஒரே வகை மின்துகளை மட்டும் மின்காந்தப் பொறியில் அடைத்து உண்டாக்கும் அயனிமமும் உண்டு. லேசரால் குளிர்வித்த அயனிகள் அதில் படிகமாக நிற்பதை 1980களிலேயே பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து இதைப் பிரித்துக்காட்டத்தான் நடுநிலை என்ற அடைமொழி. வெறும் ‘நடுநிலை’ என்றால் வேதியியலில் அமிலமும் காரமும் அல்லாத நிலைக்குப் போய்விடும், அதனால் ‘மின்’ சேர்த்தேன். முழு நடுநிலையும் இல்லை. லேசர் பட்டவுடன் கொஞ்சம் எலக்ட்ரான்கள் தப்பி ஓடிவிடுகின்றன. மிஞ்சும் நேர்மின்னூட்டமே மற்ற எலக்ட்ரான்களைக் கட்டிவைக்கும் கிணறாகிவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய மேகம், எலக்ட்ரான்களின் அழுத்தத்தால் விரிந்து, சில பத்து மைக்ரோநொடிகளிலேயே நீர்த்துப்போகும். பிறகு எதற்கு இது? சாதாரண அயனிமத்தில் துகள்களின் வெப்ப ஆற்றல், அண்டைத் துகளோடு உள்ள மின்விசை ஆற்றலைவிட மிகப் பெரியது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன்களின் உள்ளே அப்படியில்லை. அங்கே மின்விசையின் கை ஓங்கியிருக்கும். மின்விசை ஆற்றல் வெப்ப ஆற்றலைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதத்துக்குக் காமா என்று பெயர். அது ஒன்றைத் தாண்டினால் ‘வலுப்பிணைப்பு அயனிமம்’. விண்மீனின் வயிற்றுக்குள் போய் அளக்க முடியாததை, அடர்த்தியைக் கூட்டாமல் வெப்பநிலையைக் குறைத்து மேசைமேல் அளந்துவிடலாம். ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கிலியனின் குழு ஸ்ட்ரான்சியத்தைக் கொண்டு இதைத் தொடர்கிறது. 2019இல் அவர்கள் அயனிமமாக மாறிய பிறகும் அயனிகளை லேசரால் குளிர்வித்து, சுமார் 0.05 கெல்வினுக்கு இறக்கிக் காட்டினார்கள். காமா 11 ஆயிற்று. ஒருவகை அயனிகள் மட்டும் இருப்பதாகக் கொள்ளும் எளிய கணிப்பில், அவை படிகமாக உறைய அது 170ஐத் தாண்ட வேண்டும்.